பச்சையம்மாள் எடுத்த பொட்டலம்

அடி அண்ணாமலையில் போய்ப் பச்சையம்மாள் வீடு எது என்று கேட்டால், எந்தப் பச்சையம்மாள் என்று திருப்பிக் கேட்பார்கள். பூப் போட்டுப் பார்க்கிற பச்சையம்மாள் என்று சொல்லுங்கள், சின்னக் குழந்தைகூட உங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிடும். இரண்டு ஜாதகத்தில் எதை எடுப்பது என்று குழம்புகிறவர்கள், ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டுப் பயந்துபோய் நிற்கிறவர்கள், நிலத்தை விற்பதா வேண்டாமா என்று முறைத்துக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகள், எல்லாரும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

வயலோரத்தில் வேப்பமரத்தடியில் ஓர் அம்மன். கல்தான், மஞ்சள் பூசிக் கண் பதித்து வைத்தது. பச்சையம்மாள் ஓர் இலையில் செவ்வரளியும் இன்னோர் இலையில் வெள்ளை நந்தியாவட்டையும் வைத்து, இரண்டையும் ஒன்றுபோலவே மடித்து, வாழைநாரால் கட்டிக் குலுக்கி அம்மன் காலடியில் போடுவாள். பூப் போட்டுப் பார்க்கிற மற்றவர்கள் குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். இவள் தானே கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். எது வந்ததோ அதுதான், மறுபேச்சு கிடையாது. இன்னொரு தடவை போட்டுப் பாரேன் என்று யாராவது இழுத்தால், சாமி இன்னா உன் வீட்டு வேலைக்காரியா என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவாள்.

வேறு எதிலும் அவள் பேச்சு எடுபட்டதில்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியபோது அவளை யாரும் கேட்கவில்லை. மாமன் மகன் திருமலைக்குக் கட்டிக்கொடுத்தபோதும் கேட்கவில்லை. அப்பன் நிலத்தை அண்ணன்கள் பிரித்துக்கொண்டபோது, உனக்கு என்ன தெரியும், உள்ளே போ என்றார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அடுப்பு வைத்து வேர்க்கடலை அவித்து விற்பாள். அந்த அடுப்பை எங்கே வைக்கலாம் என்பதைக்கூடப் பக்கத்துக் கடைக்காரன்தான் முடிவு செய்வான். அப்படிப்பட்டவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால், மீசை வைத்த ஆம்பிளைகள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கர்வம் உண்டு. ஏன் இருக்கக் கூடாது?

திருமலை ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியில் டிரில்லர். வேலையில் கெட்டிக்காரன், ஆனால் பயந்தாங்கொள்ளி. பாம்புக்கோ போலீசுக்கோ அல்ல, தண்ணீர் வராமல் போவதற்குத்தான் பயம். இந்த மாவட்டத்தில் போர் போடப் போகிறவனுக்கு அது தெரியும். தாலிச் சங்கிலியை அடகு வைத்து வண்டியைக் கூப்பிட்டிருப்பார்கள். குழாய் இறங்க இறங்கத் தண்ணீருக்குப் பதில் வெறும் புழுதிப் புகையாக வரும். அந்த வீட்டுப் பெண்பிள்ளை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிடுவாள். அப்படி ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் திருமலைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால் வண்டி எந்த ஊரில் நின்றாலும் பச்சையம்மாளுக்குப் போன் வந்துவிடும். வேலி ஓரமா, மரத்தடியா, பார்த்துச் சொல் என்பான். தண்ணீர் வந்தால் அது பச்சையம்மாளின் கைராசி. வராவிட்டால் நிலத்துக்காரன் தலையெழுத்து. இந்த நியாயத்தில் அவள் கை தோற்கவே வழியில்லை.

போன வருஷம் அவன் வேலை பார்த்த சென்னைக் கம்பெனி தெற்கு சூடானுக்கு ஆள் எடுத்தது. அங்கே மாடு மேய்க்கிற இரண்டு கூட்டத்தார் புல்லுக்கும் தண்ணீருக்கும் தலைமுறையாக வெட்டிக்கொண்டு செத்தவர்கள். அப்போதுதான் ஒருவழியாகச் சமாதானம் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சமாதானம் நிலைக்கட்டும் என்று சில நாடுகள் கைகோத்திருந்தன. பணக்கார நாடு ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் நம்மைப் போலக் கஞ்சிக்கு அலைந்து மேலே வந்தவைதான். பேசித் தீர்த்துவைக்கக் கென்யாவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களும் மாடு மேய்க்கிற ஜனம், தங்கள் ஊரில் இப்படிப் பல சண்டைகளை விலக்கிவிட்டவர்கள். பம்பு பிரேசிலிலிருந்து வந்தது. துளை போட்டுக் கொடுப்பது நம் ஆட்களின் பங்கு.

திருமலை அங்கே போய்ச் சேர்ந்த புதிதில் வீடியோவில் பேசும்போதெல்லாம் அந்த ஊர்ப் பேச்சுதான். "அவங்களும் நம்மள மாதிரிதான் பச்ச. வானத்தப் பாத்துக்கினே குந்திக்கினு கீறாங்க," என்பான். பணக்காரன் வந்து பிச்சை போடுவது வேறு, நாம் போய்ச் செய்வது வேறு என்று ஒரு பெருமை அவன் குரலில் இருக்கும். பச்சையம்மாளுக்கு நாடுகள் கைகோத்ததெல்லாம் அவ்வளவு விளங்கவில்லை. புருஷன் நாலு பேருக்கு நல்லது செய்யப் போயிருக்கிறான், அது போதும்.

கிணறு எங்கே வரவேண்டும் என்று இரண்டு கூட்டத்துப் பெரியவர்களும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். நடுவே வறண்டு கிடக்கிற ஓர் ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் தனியாக ஒரு புளியமரம், யாருக்கும் சொந்தமில்லாத திட்டு. அந்த மரத்தடியில் ஒரு காளையை அறுத்து, இனிமேல் இது உனக்கும் இல்லை எனக்கும் இல்லை, இங்கேதான் இரண்டு பேர் மாடும் தண்ணீர் குடிக்கும் என்று சத்தியம் செய்திருந்தார்கள். திருமலையும் அந்தச் சடங்கைப் பற்றிக் கேள்விப்பட்டான். நம் ஊர்ப் பூமி பூஜை மாதிரி என்று நினைத்துக்கொண்டான்.

அங்கேதான் வினை. மரத்தடியில் வண்டியை நிறுத்தியதும் அவனுடைய பழைய பயம் வந்துவிட்டது. கூட வந்திருந்த கம்பெனி இஞ்சினியரின் கருவி அந்த இடம் பரவாயில்லை என்றுதான் காட்டியது. ஆனால் ஓடைக்கு அந்தாண்டை, ஒரு கூப்பிடு தூரத்தில், ஒரு கரையான் புற்றும் அதன் பக்கத்தில் பச்சையாக ஒரு புதரும் அவன் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தன. இத்தனை ஜனம் பார்த்துக்கொண்டிருக்க, மரத்தடியில் புகை வந்துவிட்டால்? போனை எடுத்தான்.

பச்சையம்மாள் வழக்கம்போல அம்மனிடம் போனாள். சிவப்பு என்றால் மரத்தடி, வெள்ளை என்றால் ஓடைக்கு அந்தாண்டை. வெள்ளை வந்தது.

"வெள்ளதான் மாமா. ஓடையத் தாண்டியே போடு, தைரியமா போடு," என்றாள்.

மரத்தடியில் வண்டி சரியாக நிற்காது என்று திருமலை எதையோ சொல்லி இஞ்சினியரைச் சம்மதிக்க வைத்தான். அந்தாண்டை பீறிட்டு வந்தது தண்ணீர். அவன் அனுப்பிய வீடியோவில் கறுப்புப் பிள்ளைகள் தலையோடு நனைந்துகொண்டு ஆடினார்கள். பச்சையம்மாள் அதைத் தெரு முழுக்கக் காட்டினாள், அம்மனுக்குப் பொங்கல் வைத்தாள், கடல் தாண்டியும் தன் கை பலிக்கிறது என்று அக்கம்பக்கத்தில் நாலு வார்த்தை அதிகமாகவே பேசினாள். அந்த ஆட்டம் ஆடினது எந்தக் கூட்டத்துப் பிள்ளைகள், எந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் அங்கே இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

பிறகு திருமலையின் போன் அணைந்துபோனது. முதல் நாள் சார்ஜ் இல்லை என்று நினைத்தாள். அடுத்த நாள் டவர் இல்லை என்று நினைத்தாள். அதற்கு அடுத்த நாள் கம்பெனி மேனேஜர் கோதண்டராமன் சென்னையிலிருந்து கூப்பிட்டு, எடுத்த எடுப்பில் ஒன்றும் பயப்பட வேண்டாம் என்றார். ஏதோ ஆகிவிட்டது என்பது அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். ஓடைக்கு அந்தாண்டை இருப்பது ஒரு கூட்டத்தாரின் மேய்ச்சல் நிலம். கிணறு அங்கே போனதும் மற்றக் கூட்டத்தார் கொதித்துப்போனார்கள். சத்தியம் செய்த இடத்தை விட்டுக் கிணறு நகர்ந்தால் சத்தியமே போய்விட்டது என்று அர்த்தம். பம்பு பொருத்திய அன்றைக்குக் கைகலப்பு ஆகிவிட்டது. அந்தச் சந்தடியில் மற்றக் கூட்டத்தார் திருமலையைத் தங்கள் மாட்டுப் பட்டிக்கு இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார்கள். அடிக்கவில்லை, பால் கொடுக்கிறார்கள். ஆனால் விடமாட்டார்கள். அந்தப் பக்கத்தாரிடம் பசுமாடு லஞ்சமாக வாங்கிக்கொண்டு இடத்தை மாற்றினாயா, யார் சொல்லி மாற்றினாய், அதைச் சொல் என்கிறார்கள்.

"அவர் வாயையே திறக்க மாட்டேங்கறாரும்மா. மரத்தடி நல்லா இருக்குன்னுதான் கருவி காட்டியிருக்கு. வண்டி நிக்காதுன்னு சொன்னது பொய்தானே, அப்புறம் ஏன் மாத்தினீங்கன்னு எங்க இஞ்சினியர் கேட்டாலும் சொல்லல. விலைக்குப் போயிட்டாருன்னு அங்க முடிவே பண்ணிட்டாங்க," என்றார் கோதண்டராமன்.

ஏன் மாற்றினான் என்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவன் அங்கே பட்டியில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறான். பெண்டாட்டி பூப் போட்டுச் சொன்னாள் என்றால் கம்பெனியில் சிரிப்பார்கள், ஊரில் அவள் பெயர் கெடும், அதற்குத்தான் அவன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான். பச்சையம்மாளுக்கா அவனைத் தெரியாது? அப்போதே போனில் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

கோதண்டராமன், இதை வெளியில் மூச்சுவிடாதீர்கள், கம்பெனி மானம் கப்பலேறிவிடும், மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் கூப்பிட்டால் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அப்பன் வீட்டுப் பொதுக்கிணறு ஞாபகம் வந்தது. அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, ஆனால் கிணறு ஒன்று. இரண்டு நிலத்துக்கும் நடுவரப்பில் இருந்தது. முறை வைத்து இறைப்பார்கள். ஒரு கோடையில் சித்தப்பன் மோட்டார் கொட்டகையைத் தன் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டினான். அவ்வளவுதான், அப்பன் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அதே தண்ணீர், அதே மோட்டார். அப்பனுக்கு வேண்டியிருந்தது தண்ணீர் மட்டும் இல்லை, அது நடுவில் இருக்க வேண்டும். இதெல்லாம் பார்த்து வளர்ந்தவள்தானே, இது ஏன் எனக்குத் தோன்றாமல் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அம்மனைக் கேட்டாள், சண்டை எங்கே இருக்கிறது என்று கேட்கவில்லையே.

குழாய் போட்டு மரத்தடிக்குத் தண்ணீரைக் கொண்டுவந்தால் ஆகாதா என்று மகள் தேவிப்ரியா கேட்டாள். தலைமடையில் இருக்கிறவன் வால்வை மூடிவிட்டால் கடைமடைக்காரன் என்ன செய்வான் என்று பச்சையம்மாளே பதில் சொல்லிவிட்டாள். அந்த அளவுக்கு இப்போது புத்தி தெளிந்திருந்தது. என்ன பிரயோஜனம்?

திங்கட்கிழமை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குப் போனார்கள். மனு கொடுக்க வந்த கூட்டத்தில் பட்டா கேட்கிறவர்களும் ரேஷன் அட்டை கேட்கிறவர்களும் வரிசையாக நின்றார்கள். இவள் முறை வந்ததும், என் புருஷனை ஆப்பிரிக்காவில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றாள். அந்த அதிகாரி நல்ல மனுஷர்தான், நாற்காலி போட்டு உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார், சென்னைக்கும் டெல்லிக்கும் தெரியப்படுத்துகிறேன் என்றார். எப்போது பதில் வரும் என்று கேட்டதற்கு மனுவில் முத்திரை குத்திக் கொடுத்தார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. வழக்கமாகக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவள் அன்றைக்கு மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

தேவிப்ரியா செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை பார்ப்பவள். ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களோடு பேசிப் பேசி இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. அவளுக்குத்தான் அந்த யோசனை வந்தது. எப்போதோ தன் போனில் சார்ஜ் இல்லாதபோது அப்பா இன்னொருவர் போனிலிருந்து பேசியிருந்தார். எஸ்தர் என்று பெயர், கென்யாக்காரி, அங்கே சமாதானப் பேச்சை நடத்துகிற பெண்மணி. அந்த நம்பர் தேவிப்ரியாவின் போனில் இருந்தது. யார் மானம் கப்பலேறினால் என்ன என்று, பூப் போட்டது முதல் எல்லாவற்றையும் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே எஸ்தர் கூப்பிட்டாள். நரைத்த தலை, கழுத்து நிறையப் பாசிமணி, சிரிக்காத முகம். சிரிக்காததே பச்சையம்மாளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எங்கள் ஜனம் ஆட்டுக் குடலைப் பார்த்துத்தான் மந்தையை ஓட்டிக்கொண்டு போகும், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்றாள். தேவிப்ரியா தமிழில் சொல்லச் சொல்லப் பச்சையம்மாள் போனையே கும்பிட்டாள். பெரியவர்கள் முன்னால் கொண்டுபோய் வைக்கிற மாதிரி ஒரு காரணம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது, பேசிப் பார்க்கிறேன் என்றாள் எஸ்தர்.

பேசிவிட்டு மறுபடியும் கூப்பிட்டாள். பெரியவர்கள் நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. அந்தப் பெண் எங்கள் கண்ணெதிரே அவள் சாமியை இன்னொரு தடவை கேட்கட்டும் என்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். மரத்தடி என்று வந்தால் கிணற்றைத் திரும்ப மரத்தடிக்குக் கொண்டுவந்து, அவனை விட்டுவிடலாம்.

"வெள்ள வந்துட்டா?" என்று பச்சையம்மாள் கேட்டாள்.

எஸ்தர் மறைக்கவில்லை. உன் சாமியும் அந்தப் பக்கம்தான் என்று சொல்வார்கள், அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை என்றாள்.

ஒருமுறை கேட்டதை மறுமுறை கேட்பதில்லை என்கிற கொள்கையெல்லாம் அந்தக் கணமே காற்றில் போயிற்று. புருஷனைவிடக் கொள்கை பெரிதா? ஆனால் பொழுது விடிந்து கூடையை எடுத்துக்கொண்டு பூப் பறிக்கப் போனவளுக்கு அதுவரை வராத ஒரு பயம் வந்தது. அம்மன் மாற்றிச் சொல்வாளா? அம்மன் என்றைக்கு மாற்றிச் சொல்லியிருக்கிறாள்? மறுபடியும் வெள்ளைதான் வரும். அவள் அம்மனை அவ்வளவு நம்பினாள். அந்த நம்பிக்கையே இப்போது அவள் கழுத்தைப் பிடித்தது.

நந்தியாவட்டைச் செடி பூவாய்ப் பூத்து நின்றது. ஒரு கை நிறையப் பறித்தாள். பிறகு அத்தனையையும் செடியடியில் கொட்டிவிட்டு நடந்தாள்.

இரண்டு இலையிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினாள். தேவிப்ரியா வேப்பமரத்தில் போனைச் சாய்த்து வைப்பதில் கண்ணாக இருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. பச்சையம்மாள் அம்மனின் கண்களைப் பார்க்காமல், "மன்னிச்சிக்கோ தாயே. அப்புறமா எனக்கு இன்னா வேணா செய்யி," என்று முணுமுணுத்தாள்.

மதியத்துக்குக் கொஞ்சம் முந்திப் படம் வந்தது. அங்கே காலை வெயில். ஒரு பக்கம் ஒரு கூட்டத்தார், எதிர்ப்பக்கம் மற்றக் கூட்டத்தார், நடுவில் எஸ்தர். ஓரத்தில் ஒரு கட்டையில் திருமலை உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். அவனைப் பார்த்ததும் பச்சையம்மாளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

எஸ்தர் அவர்கள் பாஷையில் ஏதோ விளக்கினாள். பிறகு கையைக் காட்டினாள். பச்சையம்மாள் கற்பூரம் ஏற்றினாள், பொட்டலங்களைக் குலுக்கினாள், போட்டாள், கண்ணை மூடினாள், ஒன்றை எடுத்தாள். எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை. இன்றைக்குக் கூத்தாடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. பிரித்துப் போனுக்கு நேராகப் பிடித்தாள். சிவப்பு.

அங்கே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ஒரு கிழவர் தலையை ஆட்டினார். அப்பாடா என்று தேவிப்ரியா அம்மாவின் தோளைப் பிடித்தாள். திருமலை மட்டும் ஆடாமல் பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மனே மாற்றிச் சொன்னாளென்றால் அவள் முகம் இப்படியா இருக்கும்?

அப்போது அவனைப் பிடித்து வைத்திருந்த பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்து முன்னால் வந்தாள். தலையை மழித்திருந்தாள், மேலெல்லாம் சாம்பல் பூசியிருந்தாள். ஒரு விரலை நீட்டி ஏதோ சொன்னாள். எஸ்தர் தயங்கிவிட்டு அதை இங்கிலீஷில் சொன்னாள்.

"அந்த இன்னொரு பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டச் சொல்றாங்கம்மா," என்றாள் தேவிப்ரியா. எஸ்தர் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்கத் தேவிப்ரியாவின் குரல் தேய்ந்தது. "அவங்க பையன்தான் அன்னைக்குக் கிணத்தாண்ட நடந்த சண்டையில... செத்துட்டானாம்மா. நம்மகிட்ட கைகலப்புன்னு மட்டும்தான் சொன்னாங்க. பதினேழு வயசாம்."

பச்சையம்மாளுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போலாகிவிட்டது. இத்தனை நாளும் அவள் அழுததெல்லாம் ஒரே ஓர் உயிருக்காக. இன்னோர் உயிர் ஏற்கனவே போய்விட்டது, அதுவும் அவள் போடு என்று சொன்ன இடத்தில், அவள் பொங்கல் வைத்துக் கொண்டாடிய தண்ணீருக்குப் பக்கத்தில். அந்த வீடியோவைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தாளே.

இரண்டாவது பொட்டலம் அம்மன் காலடியிலேயே கிடந்தது. காற்றில் பறந்துவிட்டது என்று சொல்லலாம், சாமி குத்தம் என்று சொல்லலாம், போனை அணைத்துவிட்டு டவர் போய்விட்டது என்றுகூடச் சொல்லலாம். அந்தப் பெண் விரலை இறக்கவில்லை. பெற்றவள் கேட்கிறாள். பச்சையம்மாள் பொட்டலத்தை எடுத்து நாரைப் பல்லால் கடித்து அறுத்துப் பிரித்தாள்.

அதிலும் சிவப்பு.

தேவிப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். திருமலை தலையைக் குனிந்துகொண்டான். அங்கே யாருக்கும் பாஷை தேவைப்படவில்லை, எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இளவட்டங்கள் நாலைந்து பேர் எழுந்து கத்தத் தொடங்கினார்கள். எஸ்தர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

பச்சையம்மாள் அம்மனுக்கு முன்னால் மண்ணில் மண்டியிட்டாள். "பொய்தான். அவர உட்டுடச் சொல்லு தேவி. வெள்ள வந்துடும்னு பயந்துட்டேன். அன்னைக்குச் சொன்னது நாந்தான், அவரு மாடு கீடு எதுவும் வாங்கல. வேணும்னா என்ன இட்டுக்கினு போவச் சொல்லு," என்றாள். தேவிப்ரியா அழுதுகொண்டே ஒன்றுவிடாமல் சொன்னாள்.

அந்தப் பெண்ணின் கூட்டத்துக் கிழவர், முதலில் தலையாட்டியவர், கோலை ஊன்றி எழுந்தார். இளவட்டங்கள் அடங்கினார்கள். அவர் நிதானமாகப் பேசினார், நெடுநேரம் பேசினார். எதிர்ப்பக்கத்துப் பெரியவர்களைப் பார்த்தும் ஏதோ கேட்டார், அவர்கள் பதில் சொன்னார்கள். பச்சையம்மாள் மண்டியிட்ட இடத்தைவிட்டு அசையவில்லை. கடைசியில் எஸ்தர் போனுக்குப் பக்கத்தில் வந்தாள்.

மாடு வாங்கியவன் பெண்டாட்டி தானே பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி மண்டியிட மாட்டாள் என்று பெரியவர் சொல்கிறார். இவன் முட்டாள், திருடன் இல்லை என்கிறார். அந்தக் கிணற்றை மூடிவிட வேண்டும், அந்தப் பக்கத்தாரும் ஒத்துக்கொண்டார்கள். சத்தியம் செய்த மரத்தடியில் இவனே துளை போட வேண்டும், தண்ணீர் வந்தாலும் சரி, புழுதி வந்தாலும் சரி. அது முடிந்ததும் இவன் ஊருக்குப் போகலாம்.

திருமலை இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். தேவிப்ரியா அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். பச்சையம்மாளுக்கு அழத்தான் வரவில்லை. போன மூச்சு திரும்பி வந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். அவள் போனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

கூட்டம் கலையத் தொடங்கியது. சாம்பல் பூசிய பெண் மட்டும் போகவில்லை. போனுக்கு நேராக வந்து, பச்சையம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்து, மெதுவாக, கோபமே இல்லாமல் ஏதோ சொன்னாள். எஸ்தர் அதை இங்கிலீஷில் சொன்னாள். கேட்டதும் தேவிப்ரியாவின் அழுகை நின்றுவிட்டது.

என்ன சொல்கிறாள் என்று பச்சையம்மாள் கேட்டாள். ஒன்றுமில்லை, விட்டுவிடு என்றாள் மகள். பச்சையம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நான் கேட்டே ஆவணும். சொல்லு."

தேவிப்ரியா அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"இன்னைக்குச் சொன்ன பொய்ய அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா, எம் புள்ள இருந்திருப்பானேன்னு கேக்கறாங்கம்மா."